தம்பி மாற்றிய குறி

என் மனைவி இயற்பியல்காரி, நான் துணிக்காரன். அவள் சொல்வதில் பாதி எனக்குப் புரிந்ததில்லை. நான் விற்பதில் பாதியை அவள் உடுத்தியதில்லை. அதனாலேயே சண்டை சச்சரவில்லாமல் குடும்பம் ஓடுகிறது.

அவளுடைய ஆராய்ச்சி வேலைக்குக் கெடு முடிகிற நேரம். மறுநாள் மூன்று பேர் அடங்கிய குழுவின் முன் பேச வேண்டும். மூவருக்கும் இயற்பியல் தெரியாது. வேலையை நீட்டிப்பதும் நிறுத்துவதும் அவர்கள் கையில். "இதனால் என்ன பயன்?" என்ற கேள்விக்குப் பதில் இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கூட்டமில்லாத மத்தியானத்தில் என்னையே குழுவாகக் கடையில் உட்காரவைத்துப் பேசிப் பார்த்தாள்.

"ஒவ்வொரு எலக்ட்ரானுக்குள்ளயும் கடிகார முள் மாதிரி ஒண்ணு இருக்கறதா வெச்சுக்கங்க. எல்லா முள்ளையும் ஒரே அளவு திருப்பினா, வெளியில ஒரு வித்தியாசமும் தெரியாது. இதுதான் உள் சமச்சீர்."

"ஒண்ணுமே தெரியாதா?"

"தெரியாது."

"தெரியாத சரக்குக்கு எவன் காசு குடுப்பான்?"

முறைத்தாள். "பேரம் பேச வந்த ஆள் மாதிரியே பேசாதீங்க."

"நாளைக்கு உக்காரப்போற மூணு பேரும் வேற எதுக்கு வர்றாங்களாம்?"

அதற்குள் எங்கள் வாடிக்கைத் தையல்காரர் ஒரு துணிக்கட்டோடு உள்ளே புகுந்தார். "மொதல் தரம்னு சொல்லி மூணாந்தரத்தை என் தலையில கட்டிட்டீங்களே முதலாளி!"

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. துணிக்கட்டின் ஓரத்தில் சாக்பீஸால் வட்டம், முக்கோணம், சதுரம் என்று குறி போடுவோம். எந்தக் குறி எந்தத் தரம் என்பது வீட்டாருக்கு மட்டுமே தெரியும். வெளியாளுக்குக் குட்டு தெரிந்துவிட்டால், என் கடையிலும் எதிர்ச்சாரியில் இருக்கும் தம்பி கடையிலும் ஒரே சமயத்தில் குறிகளை மாற்றிவிடுவோம். வியாபாரம் அது பாட்டுக்கு நடக்கும்.

அந்தக் கட்டு காலையில் தம்பி கடையிலிருந்து வந்தது. வட்டம் இருந்தது, முதல் தரம் என்று விற்றேன். தம்பியைக் கூப்பிட்டேன்.

"அட, நேத்தே என் கடையில மாத்திட்டேண்ணே. வட்டம் இப்ப மூணாந்தரம். உங்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

"உன் கல்யாணத்தையாவது சொன்னியே, அதுவரைக்கும் சந்தோஷம்டா."

இரண்டு கடைச் சரக்கும் கலந்துகிடந்தது. ஒவ்வொரு கட்டுக்கும் நான் தெருவைத் தாண்டி ஓடி, "அங்க வட்டம்னா இங்க சதுரம்" என்று சொல்லித் திரும்பினேன். தையல்காரர் கோபத்தை மறந்து வேடிக்கை பார்த்தார். வாசலில் நின்ற என் மனைவியோ, பெண் பார்க்கப் போன அன்றுகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"ஏங்க, ரெண்டு கடையிலயும் ஒண்ணா மாத்தியிருந்தா?"

"நான் ஏன் ஓடறேன்?"

"அவங்கவங்க இஷ்டத்துக்கு மாத்திக்கிட்டா?"

"ஒருத்தன் ஓடி ஓடிச் சொல்லணும். இல்லன்னா கடையை மூடணும்!"

"கெடைச்சிடுச்சு!" என்று கத்தினாள். தையல்காரர் கையிலிருந்த கட்டை நழுவவிட்டார்.

மறுநாள் கூட்டத்தில் கடைசி வரிசையில் இடம் பிடித்தேன். குழுத் தலைவர் எதிர்பார்த்தபடியே பயன் என்ன என்று கேட்டார். அவள் இரண்டு கடைகளின் கதையைச் சொன்னாள்.

"ஒவ்வொரு இடத்துலயும் முள்ளைத் தனித்தனியா திருப்பலாம், அப்பவும் இயற்கையோட விதி மாறக்கூடாது. அப்படின்னா இடத்துக்கு இடம் உள்ள வித்தியாசத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒண்ணு இருந்தே ஆகணும். அந்த ஓடுற ஆள்தான் ஒளி. நாங்க அதைக் கொண்டுவந்து ஒட்டவைக்கலை, சமச்சீரே கேட்டு வாங்கிக்குது. அணுக்கருவைக் கட்டிவைக்கிற விசைக்கும் இதே கதைதான். புதுசா இன்னும் எந்த விசை இருக்குன்னு தேட இதுதான் எங்களுக்கு வழிகாட்டி. எனக்கு மூணு வருஷம் வேணும்."

"ஒரு வருஷம் தரலாம்," என்றார் தலைவர்.

அவள் சரி என்று சொல்ல வாயெடுத்தாள். நான் இருமினேன். எங்கள் கடையில் அந்த இருமலுக்கு அர்த்தம்: விலையைச் சொல்லியாயிற்று, இனி வாயைத் திறக்காதே. மூடிக்கொண்டாள். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரிம்மா, மூணே இருக்கட்டும்."

வெளியே வந்ததும் கேட்டேன். "நாலு பேர் முன்னால என்னை ஒளின்னு சொன்னே?"

"சொன்னேன். ஆனா ஒளிக்கு எடையே கிடையாதுங்க." என் தொப்பையைப் பார்த்தாள். "அங்கதான் கணக்கு கொஞ்சம் இடிக்குது."

சொல்லிவிட்டு என் கையைக் கோத்துக்கொண்டாள். கடையில் கட்டுகள் கலந்தபடியே கிடந்தன, ஓட வேண்டிய வேலை நிறைய இருந்தது. நான் மெதுவாகவே நடந்தேன்.