எந்தத் திருவண்ணாமலை

ராஜபாளையம் வழியாகப் போகும் சரக்கு ரயில் எதுவும் உக்கிரபாண்டி கண்ணில் படாமல் போய்விட முடியாது. அப்படித்தான் அவரே சொல்லிக்கொள்வார். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன், மற்றவர்களைப் போலக் கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடாமல் ரயிலைப் பிடித்துக்கொண்டார். பெட்டியைப் பார்த்தால் உள்ளே சிமெண்டா உரமா, ஹாரனைக் கேட்டால் எஞ்சின் டீசலா மின்சாரமா, வண்டி செங்கோட்டையோடு நின்றுவிடுமா, அதற்கு மேல் மலையேறிக் கேரளாவுக்குப் போகுமா, எல்லாம் சொல்வார். செல்போனில் ரயில் ரசிகர் குழு ஒன்று உண்டு. அதில் அவர்தான் ஏட்டையா. சொன்னதில் பாதி சரியாக இருக்கும். மீதியை யார் ஸ்டேஷனுக்குப் போய்ச் சரிபார்த்தார்கள்?

அன்றைக்குக் காலையில் பக்கத்து வீட்டு சண்முகத்தாய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"அண்ணாச்சி, வேல்பாண்டி இன்னைக்கு நம்ம ஊரு வழியா வண்டி ஓட்டிட்டு வாரானாம். விருதுநகர்ல இருந்து செங்கோட்டைக்கு. எஞ்சின் நம்பரு நாப்பத்திரெண்டுல முடியுதாம். கூட்ஸுக்கு நேரங்காலம் கெடையாது, உக்கிரபாண்டி மாமாட்ட கேட்டுக்கோன்னுட்டு போனை அணைச்சிட்டான். எஞ்சின்ல ஏறிட்டா போன் பேசக் கூடாதாம்ல."

வேல்பாண்டி அவளுடைய ஒரே மகன். வேலை கிடைத்ததிலிருந்து ஆந்திராப் பக்கமே எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தவன், இப்போதுதான் மாற்றல் வாங்கி மதுரைக் கோட்டத்துக்கு வந்திருந்தான். எஞ்சினில் அவன் உட்கார்ந்திருப்பதை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. புருஷன் அதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்.

"நான் பேசாம ஸ்டேஷன்லயே போய் உக்காந்துக்கிடுதேன்" என்றாள்.

"கூட்ஸு எதுக்கு தாயி நம்ம ஸ்டேஷன்ல நிக்குது? சர்ருன்னு போயிரும், ஒண்ணும் தெரியாது. வடக்கு ரயில்வே கேட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். வளைவுல மெதுவா வரும், மொகம் நல்லாத் தெரியும். எப்ப கெளம்பணும்னு நான் சொல்லுதேன்."

அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? மகனே அவரைக் கேட்கச் சொல்லியிருக்கிறானே.

உக்கிரபாண்டி குழுவில் எஞ்சின் எண்ணைப் போட்டு, எங்கே வருகிறது என்று கேட்டார். ஜோயல் என்ற பையனிடமிருந்து மதியத்துக்கு மேல் ஒரு படம் வந்தது. அதே எண் போட்ட எஞ்சின், பின்னால் ஒரு மலை, கீழே 'திருவண்ணாமலை' என்று ஒரே ஒரு வார்த்தை.

ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றியுள்ளவர்களுக்குத் திருவண்ணாமலை என்றால் ஊருக்கு வெளியே இருக்கும் பெருமாள் மலைதான். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் படியேறாத வீடு கிடையாது. பையன் மலைப்படியில் நின்று படம் எடுத்திருக்கிறான் என்று உக்கிரபாண்டி முடிவு கட்டிவிட்டார். அப்படியானால் வண்டி இன்னும் ஸ்ரீவில்லிபுத்தூரையே தாண்டவில்லை. செத்த நேரம் கிடக்கிறது. நிதானமாக ஒரு டீயும் குடித்தார்.

பிறகு சண்முகத்தாயை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். தெருமுனை திரும்பும்போது ஸ்டேஷன் பக்கமிருந்து நீளமாக ஒரு ஹாரன் கேட்டது.

"அண்ணாச்சி, அங்கன ஏதோ வண்டி நிக்குது போல இருக்கே. ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருவமா?"

"அது சல்லிக்கல்லு கொண்டாந்த வண்டி தாயி. ஹாரனைக் கேட்டா எனக்குத் தெரியாதா?"

அவள் திரும்பித் திரும்பி ஸ்டேஷன் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வடக்கு கேட்டில் அவர்கள் காத்திருந்தார்கள். கேட்டைச் சாத்தியதும் மொபெட்டும் ஆட்டோவுமாகக் கூட்டம் சேர்ந்தது. கூட்டத்தைக் கண்டால் உக்கிரபாண்டிக்கு வாய் சும்மா இருக்காது. இந்த அம்மா மகன்தான் ஓட்டி வருகிறான், இன்ன எஞ்சின், இன்ன ரூட்டு என்று எல்லோருக்கும் வகுப்பு எடுத்தார். ஆட்டோக்காரன் இறங்கி வந்து சண்முகத்தாய்க்கு முன்னால் நிற்க இடம் விட்டான்.

வளைவில் எஞ்சின் முகம் காட்டியது. உக்கிரபாண்டி எண்ணைப் பார்த்தார். பதினேழில் முடிந்தது.

அவருக்கு ஏதோ தப்பு நடந்துவிட்டது என்பது அந்தக் கணமே புரிந்துபோனது.

"அண்ணாச்சி, இதுதானா?"

இல்லை தாயி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பின்னால் நின்றவர்கள் எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதேதான்! கையைக் காட்டு, கையைக் காட்டு!"

சண்முகத்தாய் கண்ணீர் மறைக்க இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். எஞ்சின் ஜன்னலில் இருந்த யாரோ ஒரு பையன், பாவம், நல்ல மனசுக்காரன், பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனான். பெட்டிகள் எல்லாம் கடந்த பிறகும் அவள் அழுதுகொண்டே நின்றாள்.

"மெலிஞ்சிட்டான் அண்ணாச்சி. பார்த்தீங்களா? கண்ணு உள்ள போயிருக்கு. சோறு தண்ணி சரியில்ல போல."

உக்கிரபாண்டி மொபெட்டை உதைத்துக் கிளப்புவதில் மும்முரமாக இருந்தார்.

வீட்டுக்கு வந்து செல்போனைத் திறந்தால் குழுவே சிரித்துக்கொண்டிருந்தது. ஜோயல் எழுதியிருந்தான்: 'ஏட்டையா, நான் விழுப்புரத்துக்காரன். இது எங்க பக்கத்துத் திருவண்ணாமலை. போன வாரம் எடுத்த படம்.' அதற்குக் கீழே இன்னொருவன், 'ஏட்டையாவுக்குச் சிவனும் பெருமாளும் ஒண்ணுதான்' என்று போட்டிருந்தான். கடைசியாக ஒரு படம்: ராஜபாளையம் ஸ்டேஷன், நாற்பத்திரண்டில் முடியும் எஞ்சின். அவர் டீ குடித்த நேரத்திலேயே வந்து நின்றிருக்கிறது.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கின யானை பொய் சொல்லாது. உக்கிரபாண்டி கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் கிடந்தார். வெளியே சண்முகத்தாய் தெருவில் ஒவ்வொரு வாசலாக நின்று மகன் கை காட்டின கதையைச் சொல்வது கேட்டது. எழுந்து போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். நினைத்ததோடு சரி. வெட்கம் பிடுங்கித் தின்றது.

பொழுது சாயும்போது அவளே வந்து கதவைத் தட்டினாள். "அண்ணாச்சி, வேல்பாண்டி கூப்பிடுதான். செங்கோட்டை போய்ச் சேந்துட்டானாம். வாங்க, நீங்களும் பேசுங்க" என்று தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"ஏம்மா நீ வரல?" என்று மகன் எடுத்ததுமே கேட்டான். "எதுத்தாப்புல எக்ஸ்பிரஸ் வரணும்னு ராஜபாளையத்துல எம்புட்டு நேரம் நிப்பாட்டிட்டாவ தெரியுமா? பிளாட்பாரம் பூரா உன்னையவே தேடிக்கிட்டு இருந்தேன். எஞ்சினை விட்டு எறங்கவும் முடியல. ரெண்டு மட்டம் ஹாரன்கூட அடிச்சேன்."

சண்முகத்தாய் உக்கிரபாண்டியை நிமிர்ந்து பார்த்தாள். கோபமே இல்லாத பார்வை. மனுஷன் தெரியாமல் தவறிவிட்டார், அதற்காக வேல்பாண்டியிடம் பேச்சு வாங்கக் கூடாது என்று அவள் அந்த இடத்திலேயே முடிவு செய்தது அவருக்குத் தெரிந்தது.

"மேலுக்குச் சொகமில்லப்பா" என்றாள். "காலையில இருந்தே தலைசுத்தலு. அதான் வரல."

"என்னம்மா சொல்லுத? ஆஸ்பத்திரிக்குப் போனியா? யாரு இருக்கா கூட? எனக்கு ராத்திரி திரும்ப வண்டி இருக்கு. அய்யோ, நான் என்ன செய்வேன்..."

அவன் பதறினான். இதே பதற்றத்தோடு அவன் எஞ்சினில் ஏறுவான் என்பது உக்கிரபாண்டிக்கு உறைத்தது. அதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை. போனைப் பிடுங்கினார்.

"ஏலே வேல்பாண்டி, மாமா பேசுதேன். உங்கம்மாவுக்கு ஒண்ணும் இல்லலே, கல்லு மாதிரி இருக்கா. ஸ்டேஷனுக்குத்தான் வாரேன்னா. நான்தான் கேட்டுக்கு இழுத்துட்டுப் போனேன். வேற வண்டி வந்துச்சு. நம்பரைப் பார்த்தேன், நீ இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. நாலு பேரு நிக்காவளேன்னு நீதான்னு சொல்லிட்டேன். எவனோ ஒருத்தனைப் பார்த்து உங்கம்மா அழுதுட்டு வந்திருக்கா."

உக்கிரபாண்டி தலையைத் தூக்கினார். சண்முகத்தாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது வேறு பார்வை.

"தெரிஞ்சேவா சொன்னீக, அண்ணாச்சி?"

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

அவள் போனை அவர் கையிலிருந்து வாங்கி, ஸ்பீக்கரை அணைத்து, காதில் வைத்துக்கொண்டாள். "நீ சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டபடியே அவருக்கு முதுகைக் காட்டி அடுப்படிக்குள் போனாள்.