ஆயர் தலைக்கு ஒரு மைட்டர்

1

பீற்றிக்கொள்ளப் போன இடத்தில்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. என் புத்தகத்தின் அட்டை ஓவியத்துக்குச் சட்டம் போட விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போயிருந்தேன். (விழுப்புரத்தில் ஃபிரேம் கடையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஓவியர் திண்டிவனத்துக்காரர், படம் அவர் வீட்டில் இருந்தது.) யூடியூபில் பார்த்த தைரியத்தில், கடைக்காரர் அடைக்கலராஜிடம், "அண்ணே, மூலையில மைட்டர் ஜாயிண்ட் வெச்சுக் குடுங்க" என்றேன். கடையின் மறுபாதியில் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி லூர்து மேரி மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த வார்த்தைய மட்டும் இந்தக் கடையில சொல்லாதீங்க மேடம்."

எழுதுகிறவளிடம் இப்படிச் சொல்லலாமா?

மேலே போகுமுன் ஒன்று. சட்டத்தின் இரண்டு கட்டைகளை முனையில் சாய்வாக அறுத்து மூலையில் ஒட்டினால் அது மைட்டர். ஆயர்கள், அதாவது பிஷப்புகள், பூசையில் அணியும், முன்னும் பின்னும் கூம்பிய உயரமான தொப்பிக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். சேர்ந்த மூலை அந்தக் கூம்பைப்போல இருப்பதால் வந்த பெயர் என்கிறார்கள். அடித்துச் சொல்ல ஆளில்லை. இது தெரியாமல் படித்தால் பேஜாராகிவிடும், அதனால் சொன்னேன்.

2

முதல் தொடக்கம்: "திண்டிவனத்தின்மேல் மழை ஒரு மெல்லிய" வேண்டாம். அன்று மழை இல்லை.

இரண்டாம் தொடக்கம்: "அடைக்கலராஜின் கைபேசி ஒலித்தபோது, விதி மறுமுனையில்" இதுவும் வேண்டாம். மறுமுனையில் இருந்தவர் கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் சவுரிராயன்.

அழகு பார்க்காமல் நடந்தபடி எழுதுகிறேன். கடைப் பலகையில் தொழில் இரண்டு இருக்கும்: ஃபிரேம், டெய்லரிங். போன் நம்பர் ஒன்றுதான், அது அடைக்கலராஜுடையது.

"திருவிழாவுக்கு ஆயர் வர்றாரு. நம்ம பங்குக் கோயில் சார்பா அவருக்கு ஒரு மைட்டர் குடுக்கலாம்னு ஃபாதர் சொல்றாரு. கோல்டு கலர்ல கிராண்டா இருக்கணும்."

"பண்ணிடலாம். எப்படி வேணும்?"

"ஒரு போட்டோ அனுப்புறேன். அதே மாதிரி."

போட்டோ வந்தது. தொப்பி அணிந்த ஆயர் சிரித்துக்கொண்டிருந்தார். உபதேசியார் காட்டியது தொப்பியை, அடைக்கலராஜ் பார்த்தது ஆயரை. படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, தங்க நிறச் சட்டத்துக்குள் வைத்து, நான்கு மூலையிலும் நகம் நுழையாதபடி மைட்டர் சேர்த்து முடித்துவிட்டார்.

லூர்து மேரியைப் பற்றிச் சொன்னால்தான் இதன் வலி புரியும். கோயில் பீடத்துணி, பூசைக்கு உதவும் பிள்ளைகளின் அங்கி எல்லாம் அவர் தைப்பவை. ஒரே ஒரு ஆயர் தொப்பி தைத்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. பழைய பேப்பரில் வெட்டி வெட்டிப் பார்த்துவைத்திருந்தார். யாரும் கேட்கவில்லை, தொப்பியெல்லாம் வெளியூரில் வாங்குகிற சாமான். கடைசியில் கேட்டார்கள். அவர் காதில் விழவில்லை.

இல்லை, விழுந்தது. "ஆயருக்கு மைட்டர் ஆர்டர் வந்திருக்கு மேரி" என்று கணவர் சொல்லத்தான் செய்தார். லூர்து மேரிக்கு அந்தத் தொப்பி எப்போதும் ஆயர் தொப்பிதான். மைட்டர் என்றால் நாளெல்லாம் பக்கத்தில் கிறீச்சிடும் மர அறுப்பு மெஷின்.

"அந்த ஃபிரேமைத் துடைச்சு பேக் பண்ணதே நான்தான் மேடம். இவரு குடுத்து வெச்சவரு, நமக்கு எப்ப வரும்னு நெனச்சுக்கினே பேக் பண்ணேன்."

3

இந்த இடத்தில் எனக்குள் இருக்கும் கெட்ட எழுத்தாளர் கண் விழித்தார். அடைக்கலராஜ் பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போகிறவர். அந்தச் சொல்லின் மற்ற அர்த்தம் அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும், மனைவியின் பெயர் தன் பெயரைவிட மேலே போய்விடுமே என்கிற ஒரு சின்னப் பொறாமையில் அவர்

வாக்கியத்தை அறுத்த இடத்திலேயே விட்டிருக்கிறேன். இப்படி எழுதினால் கதை ஜோராக வருகிறது, அதுதான் தொல்லை. சட்டத்தை வாங்கப் போன அன்று வாய் சும்மா இராமல் லூர்து மேரியிடமே கேட்டுவிட்டேன்.

"எழுதிக்கோங்க. ஆனா அது வேற எவளோ புருஷன். பேரை மாத்திடுங்க."

"கோவமாக்கா?"

"கோவம் இன்னா இருக்குது. விஷயம் தெரிஞ்ச அன்னிக்கு அந்த மனுஷன் பகல் முழுக்க சோறு துன்னல. பொய் சொன்னவன் சோத்த வுடுவானா?"

பெயரை மாற்றவில்லை. சந்தேகத்தை எடுத்துவிட்டேன். எடுத்த இடம் மட்டும் மேலே தெரிகிறது, தெரியட்டும்.

4

திருவிழா அன்று காலை உபதேசியார் கடைக்கு வந்து பார்சலைப் பிரித்தார். சட்டத்தைத் திருப்பிப் பார்த்தார். சுற்றியிருந்த காகிதத்தை உதறிப் பார்த்தார்.

"தொப்பி எங்கய்யா?"

"எந்தத் தொப்பி?"

"மைட்டருய்யா!"

"அதான் நாலு மூலையிலயும் போட்டுக்கீறேனே."

பிறகு உபதேசியார், "ஃபாதருக்கு நான் இன்னா பதில் சொல்றது? ஒரு சால்வைய வாங்கிப் போத்திடலாம்" என்று கிளம்பினார். லூர்து மேரி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "பூசை சாயந்திரம்தானே? உக்காருங்க."

உட்கார்ந்தார், மாட்டிக்கொண்டார். அன்று பகல் முழுக்க உபதேசியாரின் தலைதான் ஆயரின் தலை. அளவு கேட்டு ஆயரின் டிரைவருக்குப் போன் போட்டார்கள். "என் தலையவிட கொஞ்சம் பெருசா இருக்கும்" என்றார் அவர். டிரைவரின் தலையை யார் பார்த்தார்கள்? பீடத்துணியில் மிஞ்சிய வெள்ளைப் பட்டும் ஜரிகையும் இருந்தன, துணியை நிமிர்த்தி நிறுத்தத்தான் ஒன்றும் இல்லை. அடைக்கலராஜ் தன் சட்டத்தைக் கவிழ்த்துப் பின்பக்க அட்டையைப் பெயர்த்தெடுத்தார்.

"மேரி, எங்க வெட்டணும்னு ஜல்தியா கோடு போடு."

அவர் கோடு போட்டார். அவர் வெட்டினார். அவர் தைத்தார். (மரியாதை கொடுத்தால் தமிழில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே 'அவர்'. தெளிவாக்கலாம் என்று பார்த்தேன். ஆனால் அன்று வெட்டியது யார், தைத்தது யார் என்பதில் அவர்களுக்குள்ளேயே இப்போது தகராறு. விட்டுவிட்டேன்.)

சாய்ந்த இரண்டு பாதிகள் சேர்வது பற்றி இங்கே ஓர் உவமை எழுதியிருந்தேன். எனக்கு முன்பே உங்களுக்குத் தோன்றியிருக்கும், அதனால் அடித்துவிட்டேன்.

5

முடிவு அ: தொப்பி பெரிதாகி ஆயரின் புருவம்வரை இறங்குகிறது. கோயிலே சிரிக்கிறது. எழுதிப் பார்த்தேன். லூர்து மேரியின் முகம் எப்படி இருந்தது என்ற வரிக்கு வந்ததும் கை ஓடவில்லை.

முடிவு ஆ: கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆயர் மைக்கில் லூர்து மேரியின் பெயரைச் சொல்கிறார், கைதட்டல் விண்ணைப் பிளக்கிறது. விளம்பரப் படம் மாதிரி இருக்கிறது.

முடிவு இ: ஆயர் ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டே

சரி, போதும்.

6

சாயந்திரப் பூசையில் கடைசி ஆசீர்வாதத்துக்கு முன் பங்குத்தந்தை புதுத் தொப்பியை நீட்டினார். ஆயர் தன்னுடையதைக் கழற்றிவிட்டு இதைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து லூர்து மேரி முட்டிபோட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பக்தி என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். பயம். ஒரு தொப்பி சரியில்லை என்றால் இனி யாரும் அவரிடம் இன்னொன்று கேட்கப்போவதில்லை. ஆண்கள் பக்கம் நின்ற அடைக்கலராஜ் மட்டும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொம்பளைங்க பக்கம் யாரோ சிரிச்ச மாதிரி கேட்டுச்சு மேடம். எதுக்குன்னு தெரியல. வெளிய வந்ததும் இவரைக் கேட்டேன், உக்காந்துச்சாங்கன்னு. உக்காந்துச்சுன்னாரு. நேராவான்னேன். நேராதான் மேரி, ஒரு நூலு சாயலன்னாரு. அதுக்கப்புறம் நான் யாரையும் கேக்கல."

பூசையின் வீடியோ யூடியூபில் இருக்கிறதாம். உபதேசியார் எனக்கு அந்த இணைப்பை அனுப்பியிருக்கிறார். லூர்து மேரி இன்றுவரை பார்க்கவில்லை. "அவரு சொல்லிட்டாரு, போதும்" என்கிறார். புதிதாகத் தொப்பி ஆர்டர் வந்ததா என்று கேட்டேன். "அது இன்னா, மாசாமாசம் தைக்கிற சாமானா?" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதித்தார்.

இவர்கள் இருவரும் எனக்கு ஒரு கதையைத் தந்தார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். நல்ல மனிதர் ஒருவரை நான் வில்லனாக்க இருந்தேன், அதையும் தடுத்தார்கள். பதிலுக்கு என்னிடம் இருப்பது நன்றி என்கிற சொல் ஒன்றுதான். அதற்கு ஒரே அர்த்தம் இருப்பதில் எனக்குப் பெரிய நிம்மதி.

அந்த இணைப்பை நானும் திறக்கவில்லை. முடிவு அதற்குள் இருக்கிறது, அதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். தேடிப் பாருங்கள். தொப்பி நேராக இருந்தால், திண்டிவனம் போய் லூர்து மேரியிடம் சொல்லுங்கள். சாய்ந்திருந்தாலும் போய் அதையே சொல்லுங்கள்.