கறவை நின்ற மாடு

2021 டிசம்பர் முதல் வாரத்தில், கள்ளக்குறிச்சி மாவட்டம் மணியாரங்கொட்டாயில், அசாமிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் குடும்பம் ராஜாங்கம் என்பவரின் பம்புசெட் கொட்டகையில் வாடகைக்குக் குடியேறியது.

கணவன் பாரிக் அலி, பக்கத்து ஜவ்வரிசி மில்லின் களத்தில் மாவு காயவைக்கும் வேலைக்கு வந்தவன். மனைவி ரஹிமா. மகள் ஜெஸ்மினுக்கு அப்போது ஆறு வயது. அவர்களுடைய வீடும் வயலும் பிரம்மபுத்திராவின் கரையில் இருந்தன; இப்போது ஆற்றுக்குள் இருக்கின்றன. ராஜாங்கம் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்.

"வூட்ல மாட்டுக்கறி மட்டும் ஆக்கக் கூடாது. மத்தபடி இன்னா வேணா ஆக்கித் தின்னுக்கோ."

ரஹிமா அதை மீறவேயில்லை.

ஊர் அவர்களை மோசமாக நடத்தியது என்று சொல்ல முடியாது. ராஜாங்கத்தின் மனைவி பாப்பாத்தி அவளுக்குத் தண்ணீர் பிடிக்கும் நேரத்தைச் சொன்னாள், கூடவே பேச்சையும் கற்றுக்கொடுத்தாள். சாணி, தவிடு, வைக்கோல் என்று தொடங்கி ஒரே வருடத்தில் ரஹிமா அந்தப் பக்கத்துத் தமிழைச் சரளமாகப் பேசினாள். டீக்கடையில், "பாயம்மா நம்மள வுட நல்லா பேசுது" என்று சிரித்தார்கள். கேஸ் இணைப்பு வாங்க அவர்களுடைய ஆதார் அட்டைகளை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போய் அலைந்தவன் ராஜாங்கத்தின் அண்ணன் மகன் வெங்கடேசன்.

பாப்பாத்தி ஒரு ஜெர்சிக் கிடேரியை அவளுக்கு வாரத்துக்கு விட்டாள். வளர்த்து, ஈன்றதும் கன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாட்டை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது பேச்சு. மாடு நன்றாக ஈன்றது. கன்று பாப்பாத்தியின் கொட்டிலுக்குப் போனது, மாடு ரஹிமாவுடையது ஆனது. சொசைட்டியில் உறுப்பினர் எண் இல்லாததால் பாலை ராஜாங்கத்தின் பெயரில் ஊற்றினாள். மாட்டுப் பொங்கலன்று பாப்பாத்தி தன் மாடுகளோடு சேர்த்து அதற்கும் கொம்பில் நீல வண்ணம் அடித்தாள். ஊர் மாடுகள் எல்லாம் மாரியம்மன் கோயிலைச் சுற்றியபோது அதுவும் சுற்றியது. அதன் கழுத்தில் மாலையைப் போட்டவனும் வெங்கடேசன்தான்.

அதன் பிறகு மாடு சினை பிடிக்கவில்லை. ஊசி போட்டுப் போட்டுப் பார்த்த மாட்டு டாக்டர் கடைசியில், "கர்ப்பப்பையில கோளாறு. வெச்சிக்கினு இருக்கறதுல பிரயோஜனம் இல்ல" என்றார். 2025 கோடையில் கறவை நின்றது. அதே சமயம் மில்லுக்கும் சீசன் முடிந்தது. பாரிக் தினமும் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தின் முன் சித்தாள் வேலைக்காகப் போய் நின்றான். பல நாள் வெறுங்கையோடு திரும்பினான். மாடு தின்பதை மட்டும் நிறுத்தவில்லை.

மணியாரங்கொட்டாயில் இப்படிப்பட்ட மாட்டை என்ன செய்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். "வண்டியில ஏத்திவுட்டேன்" என்பார்கள். வண்டி எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. ரஹிமாவும் அதையே நினைத்தாள். இதை ஏற்றிவிட்டு, வரும் பணத்தில் ஒரு கறவை மாட்டைப் பிடித்தால் மில் திறக்கும்வரை தள்ளிவிடலாம். இல்லாவிட்டால் பாரிக்கின் தம்பி இருக்கும் பெருந்துறைக்குப் போக வேண்டியதுதான். அங்கே கம்பெனி ஷெட்டில் தங்க வேண்டும். பக்கத்தில் பள்ளிக்கூடம் கிடையாது. ஜெஸ்மின் இங்கே நான்காம் வகுப்பு முடித்திருந்தாள்.

தரகர் சின்னக்கண்ணு வந்து மாட்டைச் சுற்றிப் பார்த்தார். முதுகைத் தட்டினார், வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார்.

"யாரு மாடு இது?"

"என் மாடுதாண்ணா" என்றாள் ரஹிமா.

"பாப்பாத்தி மாடுன்னு இல்ல நெனச்சேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வேணாம்மா."

"ஏண்ணா? நான் ஜாஸ்தி கேக்கலியே."

"வெல இல்லம்மா விசயம். ராஜாங்கம் கையால கயிறு வாங்குனா நான் மாட்டு யாவாரி. உன் கையால வாங்குனா, உளுந்தூர்பேட்டை தாண்டறதுக்குள்ள வண்டிய நிறுத்தி என்னையே கறிக்கடைக்காரனாக்கிடுவானுங்க."

"அப்போ எங்கூட்டுக்காரரு கையால வாங்கிக்கோயேன்" என்றாள் பாப்பாத்தி.

"அவரு குடுத்தா நாளைக்கே வரேன்."

ராஜாங்கம் முதலில் சரி என்றார். ஆனால் மறுநாள் காலை ஊர் வாட்ஸ்அப் குழுவில் வெங்கடேசனின் குரல் பதிவு வந்தது. மாரியாத்தாவைச் சுற்றின மாட்டைப் பாய் வூட்டிலிருந்து அறுக்க அனுப்புகிறார்கள், ஊரில் கேட்க ஆளில்லையா என்று அதில் கேட்டிருந்தான். அந்தக் குழுவில் ரஹிமா இல்லை. பாப்பாத்தி தன் கணவரின் போனில் கேட்டுவிட்டு நேராகத் தெருக்குழாயடிக்குப் போய் அவனைப் பிடித்தாள்.

"ஏன்டா, போன மாசம் உங்கொப்பன் மாட்ட ஏத்தும்போது பின்னாலேர்ந்து தள்ளுனவன் நீதானே?"

"அது வேற சித்தி."

"இன்னா வேற? வாலு வேறயா, கொம்பு வேறயா? அந்த மாடும்தான் ஆத்தாள சுத்துச்சு."

குடத்தோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். வெங்கடேசனும் சேர்ந்து சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னான்: "நாம ஏத்துனா அது யாவாரம். அவங்க ஏத்துனா வேற கதை. பங்களாதேசுக்காரங்கள புடிக்கறாங்கன்னு டிவில போய்க்கினு கீதே, பாக்கறியா இல்லியா? அந்த ஆதாரே அசலா டூப்பான்னு எவன் கண்டான்?"

"நீ தானடா எடுத்துக்கினு போயி கேஸ் வாங்கிக் குடுத்த?"

"அப்போ தெரியல" என்றான் அவன்.

அன்று மாலை ராஜாங்கம் மனைவியிடம், "எனக்கு எதுக்கு வம்பு? நாளைக்கு நம்ம வூட்டு நல்லது கெட்டதுக்கு அவனுங்கதான் வந்து நிக்கணும்" என்றார். பாப்பாத்தி ரஹிமாவிடம் அதைச் சொல்வதற்குப் போனபோது வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

பாரிக்குக்குத்தான் பெரியண்ணன் என்பவரின் நினைவு வந்தது. பெரியண்ணன் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் இருப்பவர். ஒவ்வொரு சீசனிலும் மில்லுக்கு மரவள்ளிக் கிழங்கு கொண்டுவருவார். ரஹிமா பஸ் ஏறி மலைக்குப் போனாள். சாமைக் கொல்லையின் ஓரத்தில் நின்று அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பாலு வேணாம் தாயி. சாணி போட்டா போதும், கொல்லைக்கு எரு ஆவும். கையில காசு இல்ல. ரெண்டு வெள்ளாடு தரேன். ஒண்ணு சினை. சம்மதமா?"

ரஹிமாவுக்குச் சம்மதம். திரும்பி வந்து, அன்றைக்கு இரண்டு கட்டுப் புல் அறுத்து மாட்டுக்குப் போட்டாள். ஆடுகள் இருந்தால் பெருந்துறைக்குப் போக வேண்டியதில்லை என்று ஜெஸ்மினிடம் சொன்னாள். ஜெஸ்மின் ஆடுகளுக்குப் பெயர் யோசித்தாள்.

வெள்ளிக்கிழமை பெரியண்ணன் ஒரு மினி வேனில் ஆடுகளோடு வந்தார். மாரியம்மன் கோயிலடியிலேயே வெங்கடேசனும் இன்னும் சிலரும் வண்டியை மறித்தார்கள். முன்னாள் வார்டு உறுப்பினர் தீனதயாளனும் அங்கே இருந்தார். சத்தம் கேட்டு ரஹிமா மாட்டைப் பிடித்தபடியே வந்துவிட்டாள்.

"மாட்ட எங்க எடுத்துக்கினு போற?" என்றான் வெங்கடேசன்.

"எங்க கொல்லைக்குங்க."

"கொல்லைலேர்ந்து?"

"எங்கியும் போவாதுங்க. எருவுக்குத்தான்."

"சரி. அப்போ ஆத்தா முன்னால சத்தியம் பண்ணு. சாவற வரைக்கும் இத வெச்சிக்குவேன், வண்டியில ஏத்த மாட்டேன்னு கல்பூரத்த அணைச்சிட்டு ஓட்டிக்கினு போ."

யாரோ கற்பூரத்தை ஏற்றியே விட்டார்கள். பெரியண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலைப் பார்த்துக் கும்பிட்டார். ஆனால் கையை நீட்டவில்லை. மலையில் சத்தியம் லேசான காரியமில்லை. பொய்யானால் பிள்ளைகளைப் பிடிக்கும் என்று நம்புகிறவர்கள் அவர்கள்.

"நாளைக்கு எனக்கு ஒரு கஷ்டம்னா இத வித்துத்தான் ஆவணும்" என்றார். "ஒரு மாட்ட சாவற வரைக்கும் விக்க மாட்டேன்னு எவன் சத்தியம் பண்ணுவான்? நீங்க யாராச்சும் பண்ணுவீங்களா?"

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"நான் பண்றேன்" என்றாள் ரஹிமா. "மறுபடி இவரு விக்கறதா இருந்தா நானே வாங்கிக்கறேன். சத்தியம்."

"நீ எந்த சாமி மேல பண்ணுவ?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. அதற்கும் சிலர் சிரித்தார்கள்.

பெரியண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டார். "தப்பா நெனச்சிக்காத தாயி" என்று அவளிடம் சொல்லிவிட்டு வேனில் ஏறினார். வேன் மலைப்பாதையை நோக்கித் திரும்பியபோது ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன.

தீனதயாளன் நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். அவருக்கு மனம் கேட்கவில்லை.

"அந்தப் பொண்ண ஏம்பா போட்டு சங்கடப்படுத்தறீங்க? வழி ஒண்ணு கீது. ஹைவே பக்கத்துல ஒரு கோசாலை நடத்தறாங்க. அங்க தானமா குடுத்துடட்டும். அதுக்கும் புண்ணியம், நம்ம ஊருக்கும் பேரு. இன்னாம்மா சொல்ற?"

ரஹிமா, "அப்போ எனக்கு?" என்றாள்.

"உனக்குத்தாம்மா புண்ணியம்னு சொல்றேன்."

எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. வெங்கடேசன்கூட, டெம்போ வாடகையைத் தானே தருவதாகச் சொன்னான். நகரத்திலிருந்து திரும்பிய பாரிக் விஷயத்தைக் கேட்டுவிட்டு மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு தங்கள் மொழியில், "கொடுத்துவிடு. நம்மை மாட்டோடு விட்டால் போதும்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை டெம்போ வந்தது. மாட்டுக்குக் குங்குமம் வைத்தார்கள். ரஹிமாவுக்குச் சால்வை போர்த்தி, கயிற்றைக் கொடுப்பதுபோல் நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். முதல் படத்தில் அவள் கண்ணை மூடிவிட்டதால் இன்னொரு முறை நிற்கச் சொன்னார்கள். எல்லோருக்கும் டீ வந்தது. மறுநாள் ஒரு மாலை நாளிதழின் உள்பக்கத்தில் செய்தி வெளியானது: "பசுவைத் தானமளித்த இஸ்லாமியப் பெண்: கிராம மக்கள் நெகிழ்ச்சி." அதை வெங்கடேசன் ஊர்க் குழுவில் போட்டான். கைகூப்பும் படங்கள் நிறைய வந்தன. தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் அவளிடம் நின்று நல்ல வார்த்தை பேசினார்கள். அப்படி அவர்கள் அவளிடம் பேசிப் பல வாரங்கள் ஆகியிருந்தன.

அந்த வாரமே ரஹிமா பாப்பாத்தியிடம் போய்க் கேட்டாள்.

"அக்கா, இன்னொரு கிடேரி வாரத்துக்கு வுடறியா? மொதல்ல வுட்ட மாதிரியே."

பாப்பாத்தி முறத்திலிருந்த கேழ்வரகைப் புடைப்பதை நிறுத்தவில்லை.

"என் கையில இன்னாடி கீது? அவரு வேணான்றாரு. இனிமே மாட்டு விசயமே நம்ம ரெண்டு பேருக்குள்ள வேணாம்னு சொல்லிட்டாரு."

"சரிக்கா."

"சாப்ட்டுட்டுப் போ."

"வேணாங்க்கா."

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் அந்தக் குடும்பம் கள்ளக்குறிச்சியில் ஈரோடு பஸ் ஏறியது. கொட்டகையில் ராஜாங்கம் உர மூட்டைகளை அடுக்கினார். பெருந்துறையில் ஜெஸ்மின் பள்ளியில் சேரவில்லை.