தாம்பாளத்துச் சாமி

எங்கள் குலசாமிக்குக் கோயில் கிடையாது. ஒரு பழைய வெள்ளித் தாம்பாளம்தான். பாகூரில் எங்கள் கரும்பில் முதல் வெட்டு விழும் நாளில் அதைக் களத்துச் சுவரில் சாய்த்து வைத்துப் படையல் போடுவோம். அதில் செதுக்கியிருந்தது குதிரைமேல் ஒருவர், கையில் சாட்டை, சுற்றிலும் கரும்பு. ஐயனார் என்றார் மாமனார் சாமிநாதன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அதைத் தேய்க்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். பழைய சந்தனத்தின்மேல் புதுச் சந்தனம் அப்ப வேண்டும், அவ்வளவுதான். படையல் முடிந்ததும் வெட்டு ஆட்களில் ஒருவன் முட்டிபோடுவான். மாமனார் அவன் முதுகில் சாட்டையால் ஒரு தட்டு தட்டுவார். அது பிரசாதமாம். பட்டும் படாமலும் விழும். அவனும் சிரித்துக்கொண்டே எழுந்து திருநீறு பூசிக்கொள்வான்.

இந்த வருஷம் முட்டிபோட்டவன் ஆதிமூலம். வாங்கிய முன்பணம் கழியும்வரை வெட்டு ஆட்கள் கேட்காமல் வெளியே போகக் கூடாது. அவன் காய்ச்சலில் வலிப்பு வந்த மகளை, உத்தரவு கேட்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். அதுதான் அவன் செய்த குற்றம். என் வீட்டுக்காரர் நவீன்குமார் வில்லியனூர் ரோட்டில் மறித்து, அவனையும் பெண்டாட்டி அமுதத்தையும் குழந்தையோடு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். குழந்தையை மோட்டார் கொட்டகையில் போட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

அதன் அனத்தல் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. பூஜைப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். இருந்த ஆத்திரத்தில் தாம்பாளத்தையும் வெந்நீரில் போட்டுத் தேய்த்துவிட்டேன்.

கிரீடம் என்று கும்பிட்டது தொப்பி. குதிரையின் காலடியில் கிடந்தவை கரும்புக் கட்டுகள் அல்ல, மனிதர்கள். கணுக்காலில் சங்கிலி. ஒரு பெண்ணின் முதுகில் சாட்டை இறங்கியிருந்தது. செதுக்கியவன் அந்தக் காயத்தைக்கூட விட்டுவைக்கவில்லை.

தாம்பாளத்தோடு களத்துக்கு ஓடினேன். படையலுக்குக்கூடக் காத்திருக்காமல் மாமனார் அடிக்கத் தொடங்கியிருந்தார். ஆதிமூலத்தின் சட்டை கிழிந்து தோலும் கிழிந்திருந்தது.

"மாமா, நிறுத்துங்க! இது சாமி இல்ல. இன்னான்னு பாருங்க!"

பார்த்தார். அதிர்ந்துபோவார் என்று நினைத்தேன். பைத்தியக்காரி நான்.

"யாருடி தேய்க்கச் சொன்னது?"

"சங்கிலி போட்டு ஆளுங்கள அடிக்கிறான் மாமா. இவனையா கும்புட்டோம்?"

"தெரியும். எங்கப்பாவுக்கும் தெரியும். எங்க முப்பாட்டன் ஆள் புடிச்சிக் கப்பல்ல ஏத்தனவரு, சக்கரைத் தீவுக்கு. அங்க கரும்புத் தோட்டம் வச்சிருந்த வெள்ளக்காரன் குடுத்த தட்டு இது. இந்த நெலம், வூடு, உன் கழுத்துல கெடக்கறது, எல்லாம் அதுல வந்ததுதான். உள்ள போ."

மறுபடி ஓங்கினார். அமுதம் புருஷன்மேல் விழுந்து மறைத்தாள். சாட்டை அவள் காதைக் கிழித்துக்கொண்டு போனது. அவர் கை தாழவில்லை.

தாம்பாளத்தின் விளிம்பை அவர் முகத்தில் இறக்கினேன். எலும்பு உடையும் சத்தம் கேட்டது. பொய் சொல்ல மாட்டேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் வாயில் ரத்தம் கொப்பளிக்க மண்ணில் உட்கார்ந்தார்.

"ஆதிமூலம், புள்ளையத் தூக்கினு ஓடுய்யா!"

அவன் தள்ளாடி எழுந்து கொட்டகைக்கு ஓடினான். நவீன்குமார் முந்திக்கொண்டார். பெற்ற அப்பாவைக்கூடத் தூக்காமல், கீழே கிடந்த சாட்டையை எடுத்துக்கொண்டு போய்க் கதவை மறித்து நின்றார்.

"புவனா, தட்டக் கீழ வைடி."

உள்ளே குழந்தையின் அனத்தல் விட்டு விட்டுக் கேட்டது. நவீன்குமார் கெட்டவர் இல்லை என்று என் அம்மாவிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இப்போதும் நகர்ந்துவிடுவார் என்று நம்பித்தான் அவர் எதிரே போய் நின்றேன்.

"வழிய வுடுங்க. அது செத்துடும்."

"செத்தா நம்மளுக்கு இன்னா?" என்றார்.

அவர் விழுந்த பிறகுதான் ஆதிமூலத்தால் கதவைத் திறக்க முடிந்தது.