இமைக்குள் ஒன்று புள்ளி இரண்டு கிராம்

1

காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்திருக்கிறான். பல் துலக்குகிறான். போர்வையை நான்காக மடித்துக் கட்டிலின் கால்மாட்டில் வைக்கிறான். தேநீர் போடுகிறான். இரண்டு ரொட்டித் துண்டுகளை நின்றுகொண்டே தின்கிறான். ஆறரைக்கு அடுத்த அறைக் கதவைத் தட்டி, "கிளம்புறேன் அத்தை" என்கிறான். "சரி" என்று பதில் வருகிறது. பேருந்து. ஏழேகாலுக்கு ஆய்வகத்தில் கையுறை மாட்டுகிறான். தராசுத் தட்டைத் தூரிகையால் துடைக்கிறான். வேலை தொடங்குகிறது.

அத்தை என்பது அவனுடைய மனைவியின் அம்மா. மனைவி இறந்து ஏழு மாதம். அவனுக்கு முப்பத்தொரு வயது. இதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் திரும்பச் சொல்ல வேண்டியிருக்காது.

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. அந்தப் பொய்யைச் சொன்னது நான்.

[மேலே உள்ள 'நான்' தவறி விழுந்தது. 'நான்' என்று எழுதினால் கை நின்றுவிடுகிறது. 'அவன்' என்றால் எழுந்திருக்கிறான், பேருந்து ஏறுகிறான், எப்படியோ சமாளிக்கிறான். அவனே இருக்கட்டும்.]

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அத்தை கேட்டார்: "கடைசியா என்ன சொன்னா?" அவன் சொன்னான்: "'எனக்கு வலியே இல்ல, அம்மாகிட்ட சொல்லு'ன்னா."

அத்தை அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். துக்கம் கேட்க வந்தவர்கள், தொலைபேசியில் அழைத்தவர்கள், மாடி வீட்டுக்காரர், எல்லோரிடமும் சொன்னார். சொல்லச் சொல்ல அந்த வாக்கியம் பளபளப்பானது.

ஒரு தங்கத்தில் எவ்வளவு தங்கம் என்று பார்த்து, எழுதி, கையெழுத்துப் போடுவது அவன் தொழில். எட்டு வருடத்தில் ஒரு தவறான சான்றிதழ் அவன் மேசையிலிருந்து போனதில்லை. வீட்டில்தான் ஒன்று கொடுத்துவிட்டான்.

2

முதல் தொடக்கம் (கைவிட்டது):

தங்கம் துருப்பிடிக்காது. காற்றும் தண்ணீரும் அதை ஒன்றும் செய்யாது. மனித உடம்புகூட அதோடு சண்டைக்குப் போகாது. அன்பும் அப்படித்தா

நிறுத்திவிட்டான். அன்பு அப்படியெல்லாம் இல்லை. ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவது பற்றி மட்டும் வாரத்துக்கு இரண்டு சண்டை.

இரண்டாம் தொடக்கம்:

நல்ல தாது என்றால் ஒரு டன் பாறைக்கு ஐந்து கிராம் தேறும். பாறையை உடைத்து, மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைய விட்டு, கரைந்ததை மறுபடி பிரித்தெடுக்க வேண்டும். அவளுக்குத் தேவைப்பட்டது ஒன்று புள்ளி இரண்டு கிராம். கணக்குப் போட்டால் ஏறத்தாழ கால் டன் பாறை. முகம் தெரியாத யாரோ பூமிக்கு அடியில் நின்று, அவள் கண்ணுக்காகக் கால் டன் பாறையை உடைத்திருக்கிறார்.

இதை அவன் கோடு போட்டு அடிக்கவில்லை. முகவரி தெரியாதவர்களுக்கு நன்றி சொல்ல வேறு இடம் இல்லை.

3

அவளுடைய வலது காதுக்குப் பின்னால் ஒரு கட்டி வளர்ந்தது. எடுத்தார்கள். எடுத்த இடத்தில் முகத்துக்குப் போகும் நரம்பும் போயிற்று. வலது பக்கம் உதடு தொங்கியது. அது பெரிய விஷயம் இல்லை. கண் மூடவில்லை. அதுதான் பெரிய விஷயம். மூடாத கண் காய்ந்து, புண்ணாகி, பார்வையே போய்விடும்.

மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து. தூங்கும் முன் களிம்பு தடவி, இமையை இழுத்து, ஒட்டுநாடா ஒட்டுவான். "பார்சல் கட்டிட்டியா?" என்பாள்.

பிறகு ஒரு மருத்துவர் சொன்னார்: இமைக்குள் சின்னத் தங்கத் தகடு வைக்கலாம். இமையைத் திறக்கும் தசை வேறு. அது நன்றாக வேலை செய்கிறது. அது தளரும்போது தங்கத்தின் கனத்தில் இமை தானாக இறங்கிவிடும். ஏன் தங்கம்? ஈயத்தைவிடக் கனம், அதனால் சின்னதாகச் செய்யலாம். உடம்பு அதை வெளியே தள்ளப் பார்க்காது.*

* பூமி இழுத்தால்தான் இமை இறங்கும். மல்லாந்து படுத்தால் சரியாக மூடாது. அதனால் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்குவாள். அவனுக்கு ஒரு தலையணைகூட மிஞ்சாது.

கட்டுப் பிரித்த அன்று அவள் இமைத்தாள். இடது கண் முதலில். வலது கண் அரை நொடி தாமதித்து, ஏதோ யோசித்துவிட்டு இறங்குவது போல.

"மூடுதா?"

"மூடுது."

"ஒழுங்கா பாத்துச் சொல்லு. நீதான் தங்கத்துக்கு சர்டிபிகேட் குடுக்கிற ஆளாச்சே."

"மூடுதுடி."

"அப்போ இனிமே நான் கண்ணடிச்சா அதுக்கு ஒரு மதிப்பு இருக்கு."

அதன் பிறகு பதினான்கு மாதம். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை மனிதர்கள் இமைக்கிறார்களோ அத்தனை தடவையும் அந்தத் தங்கம் இறங்கியது. கடன்பட்டிருக்கிறான்.

4

கதாபாத்திரத்தில் ஒரு சிக்கல். எழுத எழுத அவள் நல்லவளாகிக்கொண்டே போகிறாள். தடுக்க வேண்டும். அவள் அடுத்தவர் தட்டிலிருந்து எடுத்துத் தின்பாள். வரிசையில் குறுக்கே புகுவாள். அம்மாவோடு ஒரு விஷயத்தில் கோபம் என்றால் பத்து நாள் பேசமாட்டாள், பதினோராம் நாள் ஒன்றுமே நடக்காதது போல

போதும்.

5

கட்டி மறுபடி வந்தது. மறுபடி எடுத்தார்கள். மூன்றாம் நாள் மாலை தெளிவாக இருந்தாள். பார்வையாளர் நேரம் முடிந்து அவன் வீட்டுக்குப் போனான். மறுநாள் விடியும் முன் நுரையீரலில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது. அவன் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மின்தகன நிலையத்தில் சாம்பலோடு ஒரு காகிதப் பொட்டலத்தையும் கொடுத்தார் அங்கே வேலை செய்பவர். "இது உங்க வீட்டம்மாவோடதா சார்? சல்லடையில நின்னுச்சு." கேட்டிருக்காவிட்டால் அவனுக்குத் தெரிந்தே இருக்காது. அந்த நேர்மைக்கும் நன்றி.

தங்கம் உருக ஆயிரத்து அறுபத்து நான்கு டிகிரி வேண்டும். அந்த உலை அவ்வளவு தூரம் போகவில்லை. தகடு அப்படியே இருந்தது: ஓரத்தில் தையலுக்கான மூன்று துளைகள், கண்ணின் உருண்டைக்கு ஏற்ற ஒரு வளைவு. ஆய்வகத் தராசில் வைத்தான். ஒன்று புள்ளி இரண்டு. மாத்திரை டப்பா ஒன்றில் போட்டு வைத்தான்.

ஏழு மாதம் யாரிடமும் காட்டவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம் காட்டினான்.

6

"சுத்தமானதா?" என்று அத்தை கேட்டார்.

"சுத்தம். கலப்பே இல்ல."

"தங்கத்துல கலப்பு இல்ல மாப்பிள்ளை. நீங்க சொன்ன பேச்சுலதான் இரு

[இல்லை. அத்தை இப்படிப் பேசவில்லை. எழுதுகிறவனுக்கு வாய் நீளம். நடந்தது இது:]

அத்தை காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். தகட்டை வாங்கி, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, அதைத் தன் வலது இமை மேல் வைத்துக்கொண்டார்.

"இவ்வளவுதானா? கனமே தெரியல."

"தெரியக் கூடாதுன்னுதான் அத்தை."

கண்ணைத் திறக்காமலே, "ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்கக் கூடாது" என்றார்.

"கேளுங்க."

"வலியே இல்லன்னு அவ சொல்லல, இல்ல?"

அவன் துணி ஒன்றை எடுத்து மடிக்கத் தொடங்கினான்.

"எறும்பு கடிச்சா ஆம்புலன்ஸ் கூப்பிடுற ஜாதி அவ. ஊசி போட்ட இடத்தை ஒரு வாரம் ஊருக்கெல்லாம் காட்டுவா. அவளாவது, வலியே இல்லன்னு சொல்றதாவது."

"எப்போ தெரிஞ்சுது?"

"நீங்க சொன்ன அன்னிக்கே."

"அப்புறம் எதுக்கு எல்லார்கிட்டயும் சொன்னீங்க?"

"அந்த நேரத்துல எனக்காக யோசிச்சு ஒண்ணு சொன்னீங்களே. அதைத் தூக்கி எறியச் சொல்றீங்களா?"

தகட்டை எடுத்து டப்பாவில் போட்டார். மூடினார்.

"அவ போறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் ஆஸ்பத்திரிக்கு வரல. கால் வலின்னு படுத்துட்டேன். அதுக்கு என்னைத் திட்டினாளா? அதைத்தான் மறைக்கிறீங்களா? திட்டியிருந்தாலும் பரவாயில்ல, சொல்லுங்க. ஏழு மாசமா இதே நினைப்பு."

அவன் டப்பாவை எடுத்து மூடியை இன்னொரு தடவை அழுத்தினான்.

"வாயால வரலன்னா எழுதிக் குடுங்க. கண்ணாடி இருக்கு. படிச்சுக்கறேன்."

இதுதான் அந்த எழுத்து. அத்தைக்குத் தெரிந்ததையெல்லாம் அத்தைக்கே விளக்கிக்கொண்டு வந்திருக்கிறான். மற்றவர்களும் படிக்கட்டுமே என்ற ஆசைதான். மன்னிக்கவும்.

7

ஆய்வகத்தில் ஒரு தங்கக் கட்டியின் இரண்டு மூலைகளிலிருந்து இரண்டு துணுக்குகள் எடுப்பார்கள். தனித்தனியாக ஈயத் தகட்டில் பொதிந்து, எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் வைத்து, உலைக்குள் தள்ளுவார்கள். ஈயமும் செம்பும் கிண்ணத்துக்குள் ஊறிப்போகும். கடைசியில் நிற்கும் சின்ன உலோக மணியை அமிலத்தில் கொதிக்கவைத்தால் வெள்ளியும் கரையும். மிஞ்சுவது தங்கம். இரண்டு துணுக்குகளும் ஒரே அளவைக் காட்டாவிட்டால் சான்றிதழ் கிடையாது. இரண்டையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும்.

முதல் துணுக்கு: அவன் உண்மையை எழுதுகிறான். அத்தை படிக்கிறார். அதில் அத்தையே இல்லை. திட்டக்கூட இல்லை. பொய்யிலாவது 'அம்மா' என்று ஒரு வார்த்தை இருந்தது. அத்தை காகிதத்தை மடித்து

இரண்டாம் துணுக்கு: அவன் இன்னொரு பொய் எழுதுகிறான். இந்தத் தடவை தேர்ச்சியாக. "ஐயோ வலிக்குதுடா, அம்மா ஏன் வரல, வரட்டும் அவங்களை வெச்சுக்கறேன்." அத்தை சிரிப்பார். நம்புவார். இப்போது அவனுக்குக் கலக்கத் தெரியும்.

இரண்டும் ஒத்துப்போகவில்லை. இரண்டையும் ஒதுக்கிவிட்டான்.

ஆகவே முடிவு எழுதவில்லை. படித்த பிறகு என்ன செய்வது என்பது அத்தையின் பாடு. மற்றவர்கள் படித்தால் அவர்கள் பாடு. நடந்ததை மட்டும் வைக்கிறான். அதுதான் கடைசிப் பேச்சு என்று அவளுக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அப்படித் தெரியாமல் போனதற்கு அவன் தினமும் நன்றி சொல்கிறான்.

மணி அடித்துவிட்டது. செவிலி எல்லோரையும் கிளம்பச் சொன்னார். அவள் மூன்று தலையணையில் சாய்ந்து, விரல்களை விரித்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கதவு வரைக்கும் போய்விட்டான். நான் கதவு வரைக்கும் போய்விட்டேன். பின்னாலிருந்து சொன்னாள்:

"டேய், நாளைக்கு வரும்போது நகவெட்டி எடுத்துட்டு வா. மறந்துட்டேன்னு வந்து நிக்காத."