பாதியில நின்ன கடல்குதிரை

முதல்ல அந்தச் சத்தத்தை, மாடியில யாரோ பாதாம் உடைக்கிறாங்கன்னுதான் நெனச்சேன். டக்... டக்... கொஞ்ச நேரம் ஒண்ணும் இருக்காது. திரும்ப டக். வியாழக்கிழமை காலையில, ஷஹீலி காத்து ஆரம்பிச்சு நாலாவது நாளு. பாலைவனத்துலேர்ந்து அந்தக் காத்து கெளம்புச்சுன்னா எங்க காபெஸ் ஊரே ரொட்டி அடுப்புதான். ஜன்னலைச் சாத்தினாலும் பல்லு நடுவுல மண்ணு நறநறங்கும். இந்த வெக்கையில யாரு பாதாம் உடைக்கிறதுன்னு ஏறிப் போய்ப் பாத்தா, தலெந்தா கம்ப்யூட்டர் பெட்டி முன்னாடி தரையில உக்காந்திருக்கா. மூஞ்சியில ரத்தமே இல்ல.

"பெரியம்மா, டிஸ்க் சாகுது."

"என்னடி சொல்ற?"

"சத்தம் கேக்கலையா? அதுக்குள்ளதான் எல்லாமே இருக்கு. நாலு வருஷம்."

தலெந்தா என் மாடிவீட்டுப் பொண்ணு. பொண்ணுன்னா நாப்பத்துமூணு வயசு. மீன்வள ஆபீஸ்ல வேலை பாத்துக்கிட்டே டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறா. நாலு வருஷமா இந்த வளைகுடாவுல முங்கி முங்கி, கடல்புல்லையும் அதுக்குள்ள இருக்கற கடல்குதிரையையும் வீடியோ எடுத்து வச்சிருக்கா. சனிக்கிழமை பத்து மணிக்கு அஞ்சு பேராசிரியருங்க முன்னாடி அதைத் திரையில போட்டுக் காட்டிப் பேசணும். பேசி முடிச்சாத்தான் பட்டம். அவ அம்மா ஸல்ஹா அதுக்காக ஆறு தட்டு மக்ரூத் பலகாரத்துக்கு ரவையும் பேரீச்சம்பழமும் வாங்கி வச்சாச்சு. எங்க ஊர்ல பட்டம் வாங்குறதும் கல்யாணம்தான், தெரு மொத்தமும் தட்டு தூக்கிட்டுப் போகும்.

நான் கைய நீட்டிப் பெட்டியைத் தொட்டேன். சுட்டுச்சு.

இங்க ஒண்ணை மறைக்காம சொல்லிடுறேன். அந்தப் பெட்டிக்கு ஒரு போர்வை உண்டு. நான்தான் தச்சேன். செகப்பு வெல்வெட், ஓரத்துல தங்க நூலு, நாலு மூலையிலயும் குஞ்சலம். எங்க வீடுகள்ல டிவி, ஃப்ரிட்ஜ், ரேடியோ எதையும் அம்மணமா வைக்க மாட்டோம். தலெந்தா ஒரு தடவை, "போத்தாதீங்க பெரியம்மா, அதுக்கு மூச்சு முட்டும்"னா. நான் சிரிச்சேன். மூச்சு விடுறதுக்கு அது என்ன ஆடா? இந்த வாரம் அவ துண்டு துண்டா எடுத்த வீடியோவை ஒண்ணா ஒட்டுறதுக்குப் பெட்டியைப் பகல் பூரா ஓடவிட்டுட்டு வேலைக்குப் போயிட்டிருந்தா. நான் பின்னாலயே போய், மண்ணு விழுமேன்னு தலையோட காலா போத்திடுவேன். அவ வர்றதுக்கு முன்னாடி எடுத்து உதறி மடிச்சு வச்சிடுவேன். மூணு நாளு, ஷஹீலியில, வெல்வெட்.

இதை அப்ப அவகிட்ட நான் சொல்லல.

பெட்டியைக் கொழந்தை மாதிரி மடியில வச்சுக்கிட்டு டாக்ஸியில ஜாரா சந்தைக்குப் போனோம். அங்க மருதாணிக் கடைங்களுக்கு நடுவுல துஹாமியோட ரிப்பேர் கடை இருக்கு. அவரு அம்பது வயசு மனுஷன், குரல் தாழ்வு, நாக்கு மட்டும் கத்தரிக்கோலு. கதவை அரைவாசி சாத்தி உள்ள இருட்டா வச்சிருந்தாரு. கடை முழுக்கப் பக்கத்துக் கடையோட பச்சை மருதாணி வாசனை.

பெட்டியைப் போட்டுக் காட்டுறேன்னு தலெந்தா பட்டன்கிட்ட கையைக் கொண்டுபோனா. துஹாமி அவ கையைத் தட்டி விட்டாரு.

"எத்தனை தடவை அணைச்சு அணைச்சுப் போட்ட?"

"ஒரு பத்து தடவை இருக்கும் அண்ணே. சரியாயிடும்னு..."

"நெஞ்சுவலிக்காரனைப் பத்து தடவை மாடி ஏறி எறங்கச் சொன்னியா? நல்ல டாக்டரம்மாவா வருவ. சரி, இன்னொரு காப்பி எங்க?"

"இருக்கு. வேற ஃபோல்டர்ல."

"எந்த டிஸ்க்ல?"

தலெந்தா தரையைப் பாத்தா.

"அதே டிஸ்க்ல," அப்படின்னாரு அவரே. "வீட்டுச் சாவி ரெண்டு செஞ்சு, ரெண்டையும் உள்ளயே வச்சுப் பூட்டிட்டு வெளியில நிக்கிற."

பக்கவாட்டுத் தகட்டைக் கழட்டினாரு. உள்ள இருக்கற சின்ன காத்தாடியில என்னமோ சுத்தியிருந்துச்சு. இடுக்கியால மெதுவா இழுத்தாரு. செகப்பு நூலு. நீளமா வந்துக்கிட்டே இருந்துச்சு. அதை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, "இது என்ன பெட்டியா, மணப்பொண்ணா?"ன்னாரு. அப்புறம் என்னைப் பாத்தாரு. நான் கூரையைப் பாத்தேன். தலெந்தா எதையும் கவனிச்ச மாதிரி தெரியல, நகத்தைக் கடிச்சுக்கிட்டு நின்னா.

டிஸ்க்கைத் தனியா கழட்டி, ஒரு கேபிள்ல தன்னோட கம்ப்யூட்டருக்கு மாட்டினாரு. உள்ளங்கை அளவு சாமான். அதுக்குள்ள ஒரு கடலா!

"சூடானா நின்னுடும், ஆறினா ஓடும்," அப்படின்னாரு. "இனிமே இதுக்கு எத்தனை மூச்சு பாக்கின்னு எனக்குத் தெரியாது. எல்லாத்தையும் கேக்காத. முதல்ல எது வேணும்?"

"பிரசன்டேஷன்!"

ரெண்டு நிமிஷத்துல வந்துடுச்சு. தலெந்தா என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. அவரு அதைத் திறந்தாரு. எழுத்தெல்லாம் இருக்கு. வீடியோ இருக்க வேண்டிய இடத்துல எல்லாம் கறுப்புக் கட்டம். ஒண்ணு, ரெண்டு, பதினொண்ணு. பதினொரு கறுப்பு ஜன்னல்.

"வீடியோ இதுக்குள்ள இல்லம்மா. இது வெறும் விலாசம். ‘இன்ன எடத்துல போய்ப் பாரு’ன்னு எழுதி வச்சிருக்கு. வீடு இருக்கறது டிஸ்க்ல."

"அப்ப பதினொண்ணும் வேணும் அண்ணே. பதினொண்ணாவது ரொம்ப முக்கியம். ஆம்பளைக் கடல்குதிரை குட்டி போடுறது. நம்ம புல்லுக்குள்ள அது பொறக்குதுன்னு காட்டத்தான் நாலு வருஷமும். அது இல்லன்னா நான் வெறும் வாயைத்தான் வச்சிருக்கேன்."

"ஆம்பளையா குட்டி போடுது?" துஹாமி கையை எடுத்துட்டாரு. "இதை என் பொண்டாட்டிகிட்ட சொல்லிடாத."

எல்லாத்துலயும் பெரிய ஃபைல் அந்தப் பதினொண்ணாவதுதான். அதை முதல்ல இழுத்தா அதுலயே டிஸ்க் செத்துடும், சின்னதுங்களும் போயிடும், அதனால அது கடைசின்னாரு. டிஸ்க்கைச் சாய்ச்சு வச்சாரு. அவரு கடை மின்விசிறி கூரையில சுடு காத்தைத்தான் கலக்கிக்கிட்டிருந்துச்சு.

என் கைப்பையில பேரீச்ச ஓலை விசிறி இருந்துச்சு. வெளிய கெளம்பினா இந்த மாசத்துல அது இல்லாம நான் போறதில்ல. எடுத்தேன், ஸ்டூலை இழுத்துப் போட்டேன், விசிற ஆரம்பிச்சேன்.

"ஹாஜியம்மா, கறி சுடுற மாதிரி வேகமா வேணாம்," அப்படின்னாரு துஹாமி. "தூங்குற புள்ளைக்கு விசிறுற மாதிரி."

அப்படியே விசிறினேன். வெளிய சந்தை மத்தியானத் தூக்கத்துக்குப் போயிடுச்சு. ஒரு செருப்புச் சத்தம் கூட இல்ல. ஓலை சர்ரு சர்ருன்னு போய்ட்டு வருது. திரையில ஒரு பச்சைக் கோடு, பாம்பு இரை முழுங்குற மாதிரி, மெல்ல மெல்ல நகருது. முதல் வீடியோ வந்துச்சு. சரியா வந்திருக்கான்னு துஹாமி ஓட்டிப் பாத்தாரு. இருட்டுக் கடையில திடீர்னு நீலம் கொட்டுச்சு. புல்லு. அவ்வளவு புல்லு நான் தரையில கூட பாத்ததில்ல. ஒண்ணா சாயுது, ஒண்ணா நிமிருது. யாரோ கடலுக்கு அடியில உக்காந்து பொறுமையா விசிறுற மாதிரி.

அறுபத்தெட்டு வருஷமா அந்தக் கடல் பக்கத்துல இருக்கேன். உள்ள இப்படின்னு எனக்கு யாரும் சொல்லல.

ரெண்டு, மூணு, நாலு. நடுவுல துஹாமி காலையில எறக்கின லக்மியைக் குவளையில ஊத்திக் கொடுத்தாரு. பேரீச்ச மரத்துப் பதநீர். "புளிக்கிறதுக்குள்ள குடிச்சிடுங்க."

"புளிச்சா நான் ஹாஜியம்மாவா இருக்க முடியாதே," அப்படின்னு ஒரு கையில குடிச்சேன், மறு கை நிக்கல.

அஞ்சு, ஆறு. கண்ணு சொக்கிச்சு. தூங்கினேனா இல்லையான்னு தெரியல. நான் புல்லுக்குள்ள நிக்கிறேன். மேல ஜாரா சந்தையோட கூரைங்க அலை மாதிரி ஆடுது. துஹாமியோட தாடிக்குள்ள குட்டி மீனுங்க நுழைஞ்சு நுழைஞ்சு வருது, அவரு கண்டுக்காம ஸ்க்ரூ முடுக்குறாரு. மருதாணிக் குவியல் எல்லாம் பச்சைப் பாறையா ஆயிடுச்சு. ஒரு கடல்குதிரை, கண்ணுக்கு மை வச்ச மாதிரி, வாலை என் சுண்டுவிரல்ல சுத்திக்கிட்டு என்னையே பாக்குது. எதுக்குப் போத்துனன்னு கேக்குது. மண்ணு விழுமேன்னுதான்னு சொல்றேன். கடலுக்குள்ள ஏது மண்காத்துன்னு கேக்குது. நான் விசிறிக்கிட்டே இருக்கேன்.

"பெரியம்மா, பத்து வந்தாச்சு!"

முழிச்சேன். கை மட்டும் ஆடிக்கிட்டே இருந்துச்சு. கடையில சாயங்கால வெயில் ஒரு கோடா விழுந்து கிடந்துச்சு.

பதினொண்ணாவது கெளம்புச்சு. கொஞ்ச தூரம் போச்சு. டக். நின்னுடுச்சு. துஹாமி கேபிளைப் புடுங்கி, ஆறட்டும்னு கால் மணி நேரம் விட்டாரு. நான் ஈரத் துணியைத் தள்ளித் தொங்கவிட்டு அது வழியா விசிறினேன். திரும்ப மாட்டினாரு. கோடு நகந்துச்சு. பாதிக்கு வந்துச்சு. பாதியைத் தாண்டிக் கொஞ்சம். நான் ரெண்டு கையாலயும் விசிறினேன். அப்ப டிஸ்க் உள்ள ஒரு சின்ன கீச்சு, வீட்டுப் பல்லி கத்துற மாதிரி. அவ்வளவுதான். துஹாமி காதுகிட்ட வச்சுக் கேட்டாரு. கீழ வச்சிட்டாரு.

மறுநாள் அவரே வீட்டுக்கு வந்தாரு. "அந்தப் பாதி ஃபைலை ஓட வச்சிட்டேன். இருபத்திமூணு செகண்டு. அதுக்கு மேல நின்னுடும்."

"அதுல என்ன இருக்கு?"

"எனக்கு ஆம்பளை பிரசவம் பாக்குற தைரியம் இல்ல. நீயே பாரு."

தலெந்தா பென் டிரைவை வாங்கி உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. வெளிய வந்து, "போடத்தான் போறேன்"னா, அவ்வளவுதான்.

சனிக்கிழமை. ஹாலு நிறைய ஆளுங்க. பின்னாடி நாலு வரிசை பூரா எங்க தெரு, மடியில மக்ரூத் தட்டு. முன்னாடி அஞ்சு பேராசிரியருங்க, நடுவுல கண்ணாடி போட்ட வயசான ஒரு அம்மா, அவங்கதான் தலைவர். வெளக்கை அணைச்சாங்க. திரை பளீர்னு நீலமாச்சு.

ஐயோ, என்ன நீலம்! ஒரு சுருக்கம் இல்ல. ஹாலே கடலுக்கு அடியில போயிட்ட மாதிரி, எல்லாரோட மூஞ்சியும் நீலமா மெதக்குது. தலெந்தாவோட அம்மா ஸல்ஹா நெஞ்சுல கை வச்சுக்கிட்டா. "பாருங்கடி, என் மக கடலை!" அப்படின்னு ஒரு குலவை போட்டா. தெருவே சேந்து போட்டுச்சு. நானும்தான்.

"மீனையே காணோமே?" ஒருத்தி கேட்டா.

"இருடி, ஆழம். மெதுவா வரும்," இது ஸல்ஹா.

அஞ்சு பேராசிரியரும் திரும்பிப் பாத்தாங்க. பின்னாலேர்ந்து துஹாமி எழுந்து, "அம்மா, அது கடல் இல்ல. சிக்னல் வரல," அப்படின்னு சொல்லிக்கிட்டே முன்னாடி ஓடினாரு. கேபிளைக் கழட்டி அழுத்தி மாட்டினாரு, ரெண்டு பட்டனைச் சேத்து அமுக்கினாரு. தலெந்தாவோட பேரு திரையில வந்துச்சு. ஸல்ஹா, "முன்னாடி இருந்ததே நல்லா இருந்துச்சு"ன்னு முனகினா.

பத்து வீடியோவும் ஓடிச்சு. தலெந்தா பேசுறா, குரல் நடுங்காம. பதினொண்ணாவது வந்துச்சு.

ஆம்பளைக் கடல்குதிரை வாலைப் புல்லுல சுத்திக்கிட்டு நிக்குது. வயிறு பானை மாதிரி. குனியுது, நிமிருது, குனியுது. திரும்பக் குனிஞ்சு ஒரு உலுக்கு உலுக்குச்சு. வயித்துலேர்ந்து நகக்கண்ணு அளவு ஒண்ணு, முழுக் குதிரையா, மிதந்து வெளிய வந்துச்சு. வந்து ரெண்டு செகண்டு இருக்காது. படம் நின்னுடுச்சு.

அப்பனும் குட்டியும் அப்படியே நீலத்துல ஒட்டிக்கிட்டு நிக்குறாங்க. தலெந்தாவும் நிக்குறா.

விசிறியோட என் கை தானா ஆட ஆரம்பிச்சிடுச்சு. சர்ரு, சர்ரு. நாலாவது வரிசையிலேர்ந்து திரையைப் பாத்து விசிறிக்கிட்டிருக்கேன், ஆறினா ஓடும்னு. தலெந்தா திரும்பினா. என்னைப் பாத்தா. சிரிச்சிட்டா. அந்தச் சிரிப்புலயே தோள் எறங்கிச்சு.

"மிச்சத்தை டிஸ்க் எடுத்துட்டுப் போயிடுச்சு," அப்படின்னா பேராசிரியருங்களைப் பாத்து. "எத்தனை குட்டின்னு நான் சொல்றதை நம்புங்கன்னு கேக்க மாட்டேன், அதுக்கு என் கண்ணு மட்டும்தான் சாட்சி."

கண்ணாடி அம்மா திரையையே பாத்துக்கிட்டிருந்தாங்க. "இந்தப் புல்லுலதான் பொறக்குதுன்னு காட்டணும். ஒண்ணு பொறந்தாச்சு," அப்படின்னாங்க. "எங்களுக்கு ஒண்ணு போதும்."

அஞ்சு பேரும் வெளிய போய்ப் பேசிட்டு வந்து, பட்டம் கொடுத்தாச்சுன்னு நின்னுக்கிட்டே படிச்சாங்க. இந்தத் தடவை குலவை சரியான நேரத்துக்குப் போட்டோம்.

மக்ரூத் தட்டு சுத்தி வர்ற நேரத்துல தலெந்தாவைத் தூணுக்குப் பின்னாடி இழுத்தேன். "அடியே, அந்த டிஸ்க்கு... நான்தான்... மூணு நாளா போத்தி..."

"தெரியும் பெரியம்மா. துஹாமி அண்ணன் செகப்பு நூலை இழுத்தப்பவே தெரியும். நம்ம தெருவுல அந்த வெல்வெட் வேற யாருகிட்ட இருக்கு?"

"அப்புறம் ஏண்டி ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டிருந்தா அழ உக்காந்திருப்பீங்க. எனக்கு விசிற ஆளு வேணும்." வாயில ஒரு மக்ரூத்தைத் திணிச்சிட்டுப் போயிட்டா.

இப்ப அந்தப் பதினொரு வீடியோவுக்கும் ரெண்டு காப்பி. ஒண்ணு மாடியில. இன்னொண்ணு என் வீட்டுல, கூஸ்கூஸ் ரவை டப்பா பக்கத்துல இருக்கு. தினமும் தூசி தட்டுறேன். மேல எதையும் போத்தல.