விழுந்தது யாஸ்மின்

எருத்தேன்பதியில் யாஸ்மினைப் பேர் சொல்லித் தெரியாதவர்கள்கூட அவளுடைய நீல சைக்கிளைத் தெரிந்து வைத்திருந்தார்கள். கொழிஞ்சாம்பாறையில், கேரள அரசின் அக்ஷய சென்டரில் அவளுக்கு வேலை. ஆதார் திருத்தம், வருமானச் சான்றிதழ், பென்ஷன்காரர்கள் உயிரோடிருப்பதைப் பதியும் மஸ்டரிங் என்று வந்து நிற்பவர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டரில் தட்டிக் கொடுக்க வேண்டும். பஸ்ஸை நம்பி நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. காத்துக் காத்துச் சலித்துத்தான், தன் சம்பளத்தில் அந்தச் சைக்கிளை வாங்கினாள்.

துப்பட்டா சக்கரத்தில் சிக்காமல் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொள்வாள். முன்கூடையில் சாப்பாட்டுப் பை, கேரியரில் குடை. கிளம்பும் முன் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பாள். மார்கழி, தை மாதங்களில் கிழக்குக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். தென்னந்தோப்புகளுக்கு நடுவே மிதிக்காமலே வண்டி ஓடும்போது, பெடலைச் சும்மா பின்னுக்குச் சுற்றி அந்த டிக்டிக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போவாள். சாயங்காலம் அதே காற்று எதிரே நின்று நெஞ்சைப் பிடித்துத் தள்ளும். சீட்டை விட்டு எழுந்து மிதிக்க வேண்டும். தொடை கடுக்கும். ஆனால் வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடிக்கும்போது, நாளெல்லாம் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அலுப்பு போன இடம் தெரியாது.

அன்று திங்கட்கிழமை. ஊரைத் தாண்டினால் ஒரு வாய்க்கால் பாலம். லாரி ஒன்று போனால் பக்கத்தில் ஆள் ஒடுங்கி நிற்கத்தான் இடமிருக்கும். பள்ளிக்கூட நேரத்தில் டிப்பர் ஓட்டத் தடை என்பதால், அதற்கு முன்பே ஒரு லோடாவது இறக்கிவிட வேண்டுமென்று தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கத்துக் குவாரி லாரிகள் பறந்துகொண்டு வரும். யாஸ்மின் பாலத்தின் பாதியைக் கடந்திருந்தபோது பின்னால் ஹாரன் அலறியது. இன்னும் பத்து மிதி மிதித்தால் அந்தப் பக்கம் போய்விடுவாள். லாரிக்காரன் பொறுக்கவில்லை. மறுபடி ஹாரன், காதுக்குள்ளேயே அடித்த மாதிரி. பாலம் முடியும் இடத்தில் லாரி அவளை உரசிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. அவள் சைக்கிளோடு சாக்கடைப் பள்ளத்தில் கிடந்தாள்.

உள்ளங்கை தேய்ந்து ரத்தம் கசிந்தது. கூடை நசுங்கி, ஹேண்டில்பார் ஒரு பக்கம் திரும்பியிருந்தது. சோறு சேற்றில் கொட்டிக் கிடந்தது. லாரி நிற்கவேயில்லை. அதன் பின்பலகையில் ஒரு பெரிய மஞ்சள் சிங்கம் வாயைப் பிளந்துகொண்டு போனது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தாள். ஜங்ஷனில் அவள் கணவன் ஷஹீரின் மளிகைக் கடை. கடை வாசலில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் மொய்து அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏம்மா, டிப்பர் ஓடற ரோட்டுல சைக்கிள் ஓட்டுனா இப்படித்தான் ஆகும். பெரிய வண்டி வந்தா நாமதான் ஒதுங்கோணும்."

"எங்கீங்க ஒதுங்கறது? வாய்க்காலுக்குள்ளயா?"

ஷஹீர் பஞ்சும் டெட்டாலும் எடுத்து வந்து அவள் கையைத் துடைத்தான். துடைத்து முடித்தபிறகு, "இனிமேல் நானே ஸ்கூட்டர்ல கொண்டுபோய் உடறேன்" என்றான். லாரி எது, யார் ஓட்டியது என்று அவன் கேட்பான் கேட்பான் என்று பார்த்தாள். கேட்கவில்லை.

அன்று பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வந்தாள். வந்து பார்த்தால் வாசலில் சைக்கிள் இல்லை.

"கடை குடோன்ல வெச்சுப் பூட்டிருக்கறேன்" என்றான் ஷஹீர், டிவியைப் பார்த்தபடி.

"யாரக் கேட்டுப் பூட்டுனீங்க?"

"கேக்கறதுக்கு என்ன இருக்குது? உன்ற நல்லதுக்குத்தான் புள்ள."

"தப்புப் பண்ணுனது லாரிக்காரன். அவன உட்டுட்டு என்ற சைக்கிளப் பூட்டுனா என்னங்க நாயம் இது?"

அவன் டிவியின் சத்தத்தைக் கூட்டினான். யாஸ்மினுக்குக் காதெல்லாம் சுட்டது. லாரிக்காரனாவது பாலத்திலிருந்துதான் தள்ளிவிட்டான். இவன் ரோட்டிலிருந்தே அல்லவா தள்ளிவிட்டான்! படுத்தபிறகும் பல்லைக் கடித்துக்கொண்டே கிடந்தாள்.

காலையில் ஷஹீர் கடை திறந்து ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தபோது அவள் நேராக உள்ளே போனாள்.

"சாவி குடுங்க."

"ஸ்கூட்டர எடுக்கறேன், சித்த இரு."

அவள் இருக்கவில்லை. தராசுக்குப் பக்கத்திலிருந்த ஐந்து கிலோ எடைக்கல்லைத் தூக்கிக்கொண்டு குடோன் வாசலுக்குப் போனாள். மூன்றாவது அடியில் பூட்டு கொண்டியோடு கழன்று விழுந்தது. பால் வாங்க வந்தவர்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். மொய்து அண்ணன் பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

"யாஸ்மினு! நாலு பேரு பாக்கறாங்க" என்றான் ஷஹீர், பல்லிடுக்கில்.

"நல்லாப் பாக்கட்டும்."

முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இறுக்கிப் பிடித்து, ஹேண்டில்பாரை ஒரே திருகில் நேராக்கினாள். தேய்ந்த கை காந்தியது. ரிம் கொஞ்சம் கோணியிருந்ததால் சுற்றுக்கு ஒருமுறை பிரேக் கட்டையில் உரசியது. அந்தச் சரக் சரக் சத்தத்தோடேயே மிதித்துப் போய், பாலத்தின் நடுவில் இறங்கி, சைக்கிளைக் குறுக்கே ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள்.

பைக்கில் வந்தவர்களுக்கும் நடந்து வந்தவர்களுக்கும் வழிவிட்டாள். சற்று நேரத்தில் டிப்பர் வந்தது. நெற்றியிலும் அதே மஞ்சள் சிங்கம். ஹாரன் அடித்தது. அவள் நகரவில்லை. இன்னும் அருகில் வந்து, பெருமூச்சு விட்டுக்கொண்டு பிரேக் பிடித்து நின்றது. ஓட்டி வந்தவன் இளைஞன். நவீன்குமார் என்று அவன் பெயர் கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

"ஏனக்கா, சாகோணுமா உங்களுக்கு? டைம் ஆவுது, எடுங்க வண்டிய!"

"நேத்து இங்க ஒருத்தியத் தள்ளிட்டுப் போனயே, ஞாபகம் இருக்குதா?"

அவன் முகம் மாறியது. கண்ணாடியில் பின்னால் பார்த்தான், முன்னால் பார்த்தான். "நான் இடிக்கலீங்க. நீங்களா தடுமாறி விழுந்தீங்க."

"விழுந்தது தெரிஞ்சுதான் போனயா அப்ப?"

அதற்குள் ஷஹீர் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தான். பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர். "அவ புருசன் வந்துட்டாரு" என்றார் ஒருவர். ஷஹீரைக் கண்டதும் நவீன்குமாருக்கு உயிர் வந்தது. குதித்து இறங்கி, யாஸ்மினைச் சுற்றிக்கொண்டு நேராக அவனிடம் போனான்.

"அண்ணா, உங்க ஊட்டுக்காரங்கன்னு தெரியாதுங்ணா. தப்பா எடுத்துக்காதீங்க. சாரிங்ணா."

ஷஹீர் ஒரு கணம் தயங்கினான். பின்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தான். கையை ஆட்டினான். "சரி, பரவால்ல. இனிமே பாத்துப் போ."

நேற்றுப் பள்ளத்தில் கிடந்தபோதுகூட யாஸ்மினுக்கு இவ்வளவு கோபம் வரவில்லை.

"யாரு பரவால்லைன்னது?"

இரண்டு ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"விழுந்தது நானு. கை தேஞ்சது எனக்கு. சோறு கொட்டுனது என்ற சோறு. அவரு எதுக்குப் பரவால்லைங்கறாரு? நீ எதுக்கு அவருகிட்டச் சாரி சொல்ற? அவருக்குப் பொண்டாட்டியா இல்லாம வேற யாராவதா இருந்தா அடிச்சுட்டுப் போலாமா?"

"யாஸ்மினு, போதும். உடு" என்றான் ஷஹீர் தணிந்த குரலில்.

"நீங்க பேசாதீங்க. நேத்துப் பூட்டுப் போடத் தெரிஞ்சுதல்ல, ஒரு வார்த்த இவனக் கேக்கத் தெரியல."

யாரோ சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்கள். லாரிக்குப் பின்னால் ஒரு ஜீப்பும் ஆட்டோவும் வந்து நின்றன. நவீன்குமார் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். தடை நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நெற்றி வேர்வையைத் துடைத்தபடி அவள் எதிரில் வந்து நின்றான்.

"தப்புத்தானுங்க்கா. நின்னிருக்கோணும். ஓனரு லோடு லோடுன்னு உயிர எடுக்கறாரு, அதுல..."

"உன்ற ஓனரு உன்ற உயிர எடுத்தா, நீ என்ற உயிர எடுப்பியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "மன்னிச்சுக்குங்க."

அவள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கோபம் கொஞ்சமும் இறங்கியிருக்கவில்லை. ஸ்டாண்டைத் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"ஸ்கூட்டர்ல வா, நேரமாச்சு" என்றான் ஷஹீர்.

"நீங்க கடையப் போய்ப் பாருங்க. குடோன் திறந்து கெடக்குது."

பாலத்தின் நடுவிலேயே மிதித்தாள். லாரி முதல் கியரில் உறுமிக்கொண்டு பின்னால் வந்தது. ஹாரன் அடிக்கவில்லை. பாலம் முடிந்தும் அவள் உடனே ஓரம் ஒதுங்கவில்லை. ரோடு அகலமாகும் தோப்பு முனைவரை அந்தப் பெரிய வண்டி அவளுடைய வேகத்துக்கே வர வேண்டியிருந்தது. அதன்பிறகுதான் கையைக் காட்டி வழிவிட்டாள். நவீன்குமார் தள்ளி விலகி, மெதுவாகக் கடந்து போனான்.

கிழக்குக் காற்று முதுகில் ஏறியது. அவள் பெடலைச் சும்மா விடவில்லை. உள்ளே கொதித்துக்கொண்டிருந்ததையெல்லாம் காலில் இறக்கி, கொழிஞ்சாம்பாறை வரைக்கும் மிதித்துக்கொண்டே போனாள்.